காம்பவுண்டுச் சுவர்

ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும்
கால்நடை மருந்தகத்துக்கும் நடுவே
ஆளுயரத்தில் ஒரு சுவர்.
இந்தப் பக்கம் நான், லேப் டெக்னீஷியன்.
அந்தப் பக்கம் டாக்டர் ரஷீதா.
ஆறு வருடமாக
அவர் ஊசி போடும் மாடு கத்துவது எனக்குக் கேட்கும்.
என்னிடம் விரல் நீட்டி அழும் பிள்ளை
அவருக்கும் கேட்டிருக்கும்.
பேசிக்கொண்டதில்லை.

ஐப்பசி இரண்டாம் வாரம் சேவுகன் வந்தான்,
கண் இரண்டும் செம்பருத்தி.
கெண்டைக்காலைத் தொட்டால் அலறினான்.
டெங்கு இல்லை. மலேரியா இல்லை. டைஃபாய்டும் இல்லை.
இல்லை இல்லை என்று எழுதியே
பதிவேட்டில் ஒரு பக்கம் நிரம்பிற்று.
பதினோரு பேர்.
"இல்லாத நோய்க்கு எதுக்கும்மா இப்படிக் கொதிக்குது?"
என்றாள் அவன் மனைவி.

பஞ்சு தீர்ந்துபோய்
கடன் கேட்கச் சுவரைச் சுற்றிப் போனேன்.
ரஷீதாவின் மேசையில் திறந்து கிடந்தது
அவருடைய பதிவேடு.
சினை கலைந்தது. சினை கலைந்தது.
மூத்திரம் சிவப்பு. சினை கலைந்தது.
எதிரே மாட்டுக்காரர் பெயர்கள்:
அடைக்கலம், மாணிக்கம், முத்தழகி, சேவுகன்.

அதே சேவுகன்.
பஞ்சை மறந்து உட்கார்ந்துவிட்டேன்.

மூன்று துறைக்குப் பொதுவாக
ஒரு நாற்காலிகூடக் கிடையாது எங்கள் ஊரில்.
மோட்டார் ரூம் நிழலில் கூடினோம்.
தண்ணீர் திறந்துவிடும் பெரியகருப்பன் இருந்தார்.
வனக்காவலர் மலையரசி
வேறு ஏதோ புகாருக்கு வந்தவர், டீ என்றதும் நின்றார்.
நாலு டீயை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று சிரித்தோம்.
பெரியகருப்பன்தான் காசு கொடுத்தார்.

"மெ.சித. வீட்டு முற்றத்துத் தண்ணி
பின்கட்டு வழியா வாய்க்கால்ல விழுந்து ஊருணிக்குப் போகும்.
ஆடியில சினிமாக்காரங்க இருபது நாள் இருந்தாங்கல்ல,
மிச்சச் சோறு பூரா அந்தப் பின்கட்டுலதான்."

மலையரசி டம்ளரைக் கீழே வைத்தார்.
"மச்சுல கூகை இருந்துச்சு, ஒரு குடும்பம்.
அது கத்துறது வசனத்தோட பதியுதுன்னு
வெடி போட்டு விரட்டிட்டாங்க.
நான் எழுதி அனுப்பினேன்."

யாருக்கு?
எங்கள் அலுவலகத்துக்கு, என்றார்.

சோறு, எலி, மழை, ஊருணி.
மாடு இறங்கும் துறையில்தான்
மனிதரும் கால் கழுவுகிறோம்,
முள் கிழித்த காலை.

மறுநாள் சிவகங்கை பஸ்ஸில்
என் மடியில் நீல ஐஸ் பெட்டி.
தனித்தனி உறை, தனித்தனி முத்திரை.
மனித ரத்தம் ஒரு கட்டிடத்துக்கு,
மாட்டு ரத்தம் இன்னொன்றுக்கு.
குன்றக்குடி தாண்டி மூடியைத் திறந்து பார்த்தேன்.
சேவுகனும் அவன் மயிலைப் பசுவும்
ஒரே பனிக்கட்டியில் சாய்ந்து கிடந்தார்கள்.

எலிக்காய்ச்சல்.
இரண்டு கட்டிடமும் அதையே சொல்லின.
மாத்திரை வந்தது, ஊருணிக்குத் தட்டி கட்டினார்கள்.
வீட்டுச் சாவி வரத்தான் ஒன்பது நாள்.
பின்கட்டைத் திறந்தபோது
முதலில் வந்தது நாற்றம், பிறகு ஓட்டம்.

மதுரைக்குக் கொண்டுபோன மாணிக்கம் திரும்பவில்லை.
சிறுநீரகம், என்றார்கள்.
அவர் வீட்டுப் பசு
மூன்று வாரம் முன்பே சொல்லியிருந்தது,
சுவருக்கு அந்தப் பக்கம்.

இப்போது வியாழக்கிழமை தோறும்
நானும் ரஷீதாவும் பதிவேட்டை மாற்றிக்கொள்கிறோம்.
உத்தரவு எதுவும் இல்லை.
பெரியகருப்பன் வாய்க்கால் அடைத்தால் போன் செய்கிறார்.
மச்சில் மலையரசி வைத்த மரப்பெட்டி
காலியாகத்தான் இருக்கிறது. கூகை வரவில்லை.

அச்சடித்த படிவத்தில் அதற்கு இடமில்லை.
ஸ்கேல் வைத்து ஓரத்தில் கோடு இழுத்து
நானே கேட்டு எழுதுகிறேன்.

"காய்ச்சல் எனக்குத்தானே?" என்கிறார்கள்.

ஆமாம்.
உங்கள் மாடு காலையில் தீனி எடுத்ததா?